விடுபட்ட பெறுமானங்கள்: தொடக்கநிலை ‘ஆர்’ பாடநூலொன்றும் மட்டக்களப்பு வாவிக்கரை மாணவரும்

புள்ளிவிபரவியல் கற்பித்தலிலே கடந்த கால் நூற்றாண்டுக் காலத்தில் ஏற்பட்ட மாற்றங்களுள் முதன்மையானது, ‘ஆர்’ என்னும் கணினி மொழி பெற்றுள்ள இடமாகும். நியூசிலாந்தின் ஒக்லாந்துப் பல்கலைக்கழகத்திலே ரொஸ் இஹாக்கா, றொபேட் ஜென்டில்மன் ஆகிய இருவரும் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய இம்மொழி, 1976 இல் பெல் ஆய்வுகூடத்திலே ஜோன் சேம்பர்ஸ் முதலியோர் தொடங்கிய ‘எஸ்’ மொழியின் வழிவந்ததாகும். 1995 முதல் மூலநிரலுடன் இலவசமாக வழங்கப்பட்டு வருகின்றமையால், பெருந்தொகை கொடுத்து மென்பொருள் வாங்கவியலாத கல்வி நிறுவனங்களுக்கு இது ஒரு பெரும் வாய்ப்பாக அமைந்தது. கருவி பொதுவுடைமையாயிற்று. அதனைக் கற்பிக்கும் முறை யாருடைய தேவையிலிருந்து எழுகின்றது என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினாவாகும்.

இத்துறையிற் பெரும் செல்வாக்குப் பெற்ற தொடக்கநிலை நூல், ஹட்லி விக்கமும் கரட் குரோல்மண்டும் எழுதி 2017 இல் வெளிவந்த ‘ஆர் ஃபோர் டேற்றா சயன்ஸ்’ என்பதாகும். இதன் இரண்டாம் பதிப்பு 2023 இல் வெளியாயிற்று. இந்நூலின் சிறப்பினை முதலில் ஒப்புக்கொள்ளுதல் வேண்டும். மொழியின் இலக்கணத்தை வரிவரியாக ஒப்புவிக்கும் பழைய முறையைக் கைவிட்டு, மாணவன் முதல் நாளிலேயே ஒரு வரைபை வரைந்து பார்க்கும்படி செய்தமை அதன் முக்கிய சாதனை. லீலண்ட் வில்கின்சன் 1999 இல் முன்வைத்த ‘வரைபுகளின் இலக்கணம்’ என்னும் கோட்பாட்டினைத் தழுவி விக்கம் அமைத்த வரைபுப் பொதியே இதற்கு ஆதாரம். எந்தத் தரவு, அதன் எந்தக் கூறு எந்த அச்சுக்கு அல்லது நிறத்துக்கு உரியது, புள்ளியாகவா கோடாகவா பட்டையாகவா அது தோன்றவேண்டும் என்ற மூன்று வினாக்களுக்கு விடை கூறினால் வரைபு பிறந்துவிடுகின்றது.

வரைபை முதலில் வைப்பதற்குத் தக்க காரணமும் உண்டு. பிரான்சிஸ் அன்ஸ்கொம் 1973 இல் நான்கு சிறிய தரவுத் தொகுதிகளை அமைத்துக் காட்டினார். நான்கிலும் கிடையச்சுப் பெறுமானங்களின் இடை 9. நிலைக்குத்து அச்சுப் பெறுமானங்களின் இடை ஏறத்தாழ 7.5, இணைபுக் குணகம் ஏறத்தாழ 0.82. எண்களை மாத்திரம் நோக்குவோர் நான்கும் ஒன்றென்றே கொள்வர். வரைந்து பார்த்தாலோ, ஒன்று நேர்கோட்டை ஒட்டிய சிதறல், ஒன்று வளைகோடு. எஞ்சிய இரண்டிலும் ஒரேயொரு விலகிய புள்ளி முழு விடையையும் திரித்துவிடுகின்றது. மட்டக்களப்பாருக்கு இவ்வுண்மை அந்நியமானதன்று. வடகீழ்ப் பருவக்காற்றின் சில மாதங்களிலேயே ஆண்டு மழையின் பெரும்பகுதி பெய்துவிடும் நிலத்திலே, ஆண்டு மழையைப் பன்னிரண்டால் வகுத்துப் பெறும் ‘மாதச் சராசரி’ மார்கழி வெள்ளத்தையும் காட்டாது, ஆனி வரட்சியையும் காட்டாது.

எனினும், எந்தத் தரவைக் கொண்டு நூல் இவற்றைக் கற்பிக்கின்றது என்பதிலேதான் நமது வேறுபாடு தொடங்குகின்றது. முதற் பதிப்பின் தொடக்க எடுத்துக்காட்டு, அமெரிக்க மோட்டார் வாகனங்களின் எரிபொருட் செலவு பற்றிய 234 பதிவுகள். இரண்டாம் பதிப்பில் அவ்விடத்தை அந்தாட்டிக்காவின் பாமர் தீவுக்கூட்டத்துப் பென்குயின் பறவைகள் 344 பெறுகின்றன. கடல்கடந்து வந்த தரவு என்பதற்காக இவற்றைத் தள்ளிவிடும் குறுகிய நோக்கு நமக்கில்லை. பறவையின் சொண்டும் பாடத்துக்கு உரியதே. இத்தரவுகள் முன்னரே துப்புரவு செய்யப்பட்டு மாணவன் கைக்கு வருகின்றன என்பதே இங்கு மனங்கொள்ளத்தக்கது. யார் எண்ணினர், எதற்காக எண்ணினர், எதனை எண்ணாது விட்டனர் என்ற வினாக்கள் அவற்றைப் பயில்வோனுக்கு இயல்பாக எழுவதில்லை. 344 பறவைகளுள் இரண்டுக்கு அளவீடுகள் இல்லை. வரைபுப் பொதி இரண்டு வரிசைகள் நீக்கப்பட்டன என்று எச்சரித்துவிட்டு மேலே செல்கின்றது. அங்கு அது போதுமானதே.

மட்டக்களப்பு மாவட்டத்தின் குடித்தொகையை இதே முறையில் வரைய முற்படும் மாணவனின் நிலையை இனி நோக்குவோம். 1953 ஆம் ஆண்டுக் கணிப்பின்படி மாவட்டத்தில் ஏறத்தாழ 270,000 பேர் இருந்தனர். 1963 இல் இரண்டு இலட்சத்துக்கும் குறைவு. கோடு செங்குத்தாகச் சரிகின்றது. கொள்ளைநோயோ பஞ்சமோ இதற்குக் காரணமன்று. 1961 இல் தென்பகுதி பிரிக்கப்பட்டு அம்பாறை மாவட்டம் உருவாக்கப்பட்டது. பெயர் ஒன்றே, அப்பெயர் சுட்டிய நிலம் வேறாயிற்று. 1981 இல் ஏறத்தாழ 330,000. 1991 இல் நாட்டில் தொகைமதிப்பே நடைபெறவில்லை. 2001 இல் நடைபெற்றபோது முழுமையாகக் கணிக்க முடியாதுபோன மாவட்டங்களுள் மட்டக்களப்பும் ஒன்று. 2012 இலேயே மீண்டும் முழுமையான எண் கிடைத்தது. அது ஏறத்தாழ 526,000.

1981 ஐயும் 2012 ஐயும் ஒரு நேர்கோட்டால் இணைத்தால், ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,300 பேர் அமைதியாகப் பெருகி வந்தனர் என்று அக்கோடு கூறும். போரும், 1990 இன் இடப்பெயர்வுகளும், 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலையும், 2006–2007 இல் வாகரையிலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் மக்கள் வெளியேறியமையும் அக்கோட்டின் கீழ் மறைந்துபோகின்றன. இலக்கணப் பிழையற்ற ஒரு வரைபு வரலாற்றுப் பொய்யொன்றைச் சொல்லக்கூடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இவ்விடத்து ‘ஆர்’ மொழியின் நேர்மையைக் குறிப்பிடாது விடுதல் நீதியாகாது. அம்மொழியில் விடுபட்ட பெறுமானத்துக்கு ‘என்.ஏ.’ என்ற தனிக் குறியீடு உண்டு. அது பூச்சியமன்று, ‘அறியப்படவில்லை’ என்பதே அதன் பொருள். ஒரு நிரலில் அத்தகைய பெறுமானம் ஒன்றேனும் இருப்பின், அதன் இடையைக் கேட்டால் மொழி தரும் விடையும் ‘என்.ஏ.’ தான். அறியாததை உள்ளடக்கிய கூட்டுக்கு அறிந்த விடை இல்லை என்று அது நாணயமாக ஒப்புக்கொள்கின்றது. கோடு வரையும்போதும் அவ்விடத்திற் கோடு முறிந்து நிற்கும். பொய் தொடங்குவது, மாணவன் அவ்வரிசையை நீக்கிவிட்டு வரையும்போதுதான். நீக்கியதும் முறிவு மறைந்து கோடு ஒட்டிக்கொள்கின்றது.

மீள்செயல் கற்பித்தலும் இதனோடு தொடர்புடையதே. ஒரு நிரலின் ஒவ்வோர் உறுப்பையும் எடுத்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்விக்கும் ‘ஃபோர்’ கட்டளையை நமது நூல் பிற்பகுதிக்குத் தள்ளிவிடுகின்றது. முழு நிரலையும் ஒரே அடியிற் கையாளவல்ல மொழி ‘ஆர்’ ஆதலின் இதற்கு நியாயம் உண்டு. ஆயினும் தொடக்க மாணவனுக்கு மீள்செயலின் பயன், வேகத்தைவிடத் தெளிவிலேயே தங்கியுள்ளது. மட்டக்களப்பு மாவட்டத்தில் 14 பிரதேச செயலகப் பிரிவுகள் உள்ளன. முதல் மூன்று பிரிவுகளுக்குக் கையால் வரைபு எழுதட்டும். மூன்றிலும் மாறுவது பிரிவின் பெயர் மாத்திரமே என்பதை அவன் தானே காணட்டும். அதன்பின் மீள்செயல், உழைப்பிலிருந்து பிறந்த சுருக்கமாக அவனுக்கு விளங்கும். எழுவான்கரையின் மண்முனை வடக்கும் படுவான்கரையின் வவுணதீவும் வெல்லாவெளியும் ஒரே மாவட்டச் சராசரிக்குள் எவ்வாறு கரைந்துபோகின்றன என்பதையும் அவன் பக்கம்பக்கமாக வைத்துக் காண்பான்.

ஆனால், மீள்செயலுக்குக் கண்ணில்லை. 1953 இன் மட்டக்களப்பையும் 1963 இன் மட்டக்களப்பையும் அது ஒன்றென்றே கொள்ளும். விடுபட்ட பெறுமானம் குறுக்கிட்டால் அதனைத் தாண்டிச் செல்ல ‘நெக்ஸ்ட்’ என்ற ஒரு சொல்லை மாணவனுக்குக் கற்பிக்கின்றோம். அச்சொல்லுடன் 2001 கடந்து போகின்றது. 1991 இன் நிலையோ இன்னும் மோசமானது. அவ்வாண்டுக்கென ஒரு வரிசையே அட்டவணையில் இல்லாமையால், மீள்செயல் அதனைத் தாண்டுவதற்குக்கூட அதனைச் சந்திப்பதில்லை. நூலின் இரண்டாம் பதிப்பு விடுபட்ட பெறுமானங்களுக்கெனத் தனி இயலொன்றை ஒதுக்கி, வெளிப்படையாக விடுபட்டவை, மறைமுகமாக விடுபட்டவை என அவற்றைப் பிரித்துள்ளது. பயனுள்ள பாகுபாடு அது. எனினும் அங்கு அது துப்புரவுத் தொழிலின் ஒரு நுட்பமாகவே நிற்கின்றது. எண் ஏன் இல்லை என்ற சமூக வினாவாக அது வளரவில்லை.

வந்தாறுமூலையில் 1981 இல் மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986 இல் கிழக்குப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனத்தின் வளவிலே, 1990 செப்டெம்பர் 5 ஆம் நாள், அகதிகளாகத் தஞ்சம் புகுந்திருந்தோரில் 158 பேர் இராணுவத்தினராற் கொண்டு செல்லப்பட்டுக் காணாமற்போயினர். அத்தகைய மண்ணிலே ‘விடுபட்ட பெறுமானம்’ என்ற தொடரை வெறும் தொழினுட்பச் சொல்லாகக் கற்பித்தல் எந்த ஆசிரியருக்கும் எளிதன்று.

தொடக்க மாணவனுக்கு இத்தனை சிக்கலும் வேண்டுமா எனச் சிலர் வினவலாம். முதல் வாரத்துக்குத் துப்புரவான தரவே தக்கது. இதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் இரண்டாம் வாரத்திலேயே அவன் தன் மாவட்டத்தின் ஆறேழு எண்களைக் கையில் எடுத்தல் கூடும். அவ்வட்டவணைக்கு, எண்ணுக்கு அருகே மேலும் இரண்டு நிரல்கள் வேண்டும்: அவ்வாண்டில் மாவட்டத்தின் எல்லை யாது, எண் இல்லையாயின் காரணம் யாது. மீள்செயல் விடுபட்ட ஆண்டை அடையும்போது தாண்டாமல், அக்காரணத்தை வரைபின் முறிவிலே தமிழில் எழுதிச் செல்லும்படி நிரல் அமைக்கலாம். நான்கைந்து வரிகளில் முடியும் வேலை இது.

மொழிப் பிரச்சினையும் இங்கு எழுகின்றது. காரைதீவிற் பிறந்த விபுலாநந்த அடிகள் சென்னையிலே கலைச்சொல்லாக்க முயற்சிக்குத் தலைமை தாங்க, 1938 இல் அறிவியற் கலைச்சொற்கள் நூலுருப் பெற்றன. அம்மரபுக்கு உரியவர்கள் நாம். நிரலின் கட்டளைகள் ஆங்கிலத்தில் இருப்பதில் தவறில்லை. அவை சில பத்துச் சொற்களே. வரைபின் தலைப்பும், அச்சுகளின் பெயரும், விடுபட்டமைக்கான காரணமும் தமிழில் அமைதல் வேண்டும். அப்போதுதான் அவ்வரைபை மாணவனின் ஊரவரும் வாசித்து, அது பிழையாயின் பிழையென்று சொல்ல இயலும். தரவு மக்களைப் பற்றியதாயின், அதனைத் திருத்தும் உரிமையும் மக்களுக்கு உண்டு. அவ்வுரிமைக்கு இடந்தரும் பாடநூல் இனித்தான் எழுதப்பட வேண்டும். அதனை வாவியின் இரு கரைகளையும் அறிந்தோரே எழுதுதல் பொருத்தமாகும்.