வியர்வையில் வெளியேறுவது எது?

உலக வர்த்தக மையக் கோபுரங்கள் இடிந்து விழுந்த ஒரு வாரத்தில், 2001 செப்டம்பர் 18 அன்று, நியூயார்க் மக்கள் பயமின்றிச் சுவாசிக்கலாம் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் தலைவர் கிறிஸ்டி விட்மன் அறிவித்தார். அப்படிச் சொல்லப் போதிய தரவு அப்போது இல்லை என்று அதே முகமையின் உள் தணிக்கை 2003இல் ஒப்புக்கொண்டது. அதற்குள் இடிபாடுகளில் வேலை செய்த தீயணைப்பு வீரர்கள் பலர் இருமிக்கொண்டிருந்தார்கள். மூச்சு வாங்கியது, தூக்கம் போயிற்று. அரசு சொன்னது பொய்த்துப்போன அந்தக் காலத்தில்தான் மன்ஹாட்டனில் அவர்களுக்காக ஒரு நச்சுநீக்க நிலையம் திறந்திருந்தது. கட்டணம் கிடையாது. நிறுவியவர்களில் ஒருவர் நடிகர் டாம் குரூஸ்.

அங்கே பின்பற்றிய முறை புதியதல்ல. சயின்டாலஜியை நிறுவிய எல். ரான் ஹப்பர்ட் 1970களின் இறுதியில் வகுத்தது. முதலில் கொஞ்சம் ஓட்டம். பிறகு 60 முதல் 80 டிகிரி செல்சியஸ் வெப்பமுள்ள சௌனாவில், இடையிடையே ஓய்வெடுத்து, நாளொன்றுக்கு ஐந்து மணி நேரம் வரை வியர்க்க வேண்டும். கூடவே வைட்டமின்கள், தாது உப்புகள், தாவர எண்ணெய், எல்லாவற்றுக்கும் மேலாக நியாசின் எனப்படும் வைட்டமின் பி3. இப்படியே சில வாரங்கள். போனவர்களை ஏமாளிகள் என்று சிரிப்பது எளிது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் உண்மை, மருத்துவர்களிடம் தெளிவான பதில் இல்லை, இங்கேயோ ஒருவர் உட்கார வைத்துப் பேசுகிறார். யாராக இருந்தாலும் போவார்கள்.

இந்த முறையின் கோட்பாடு முழுப் பொய்யும் அல்ல. டிடிடி, டயாக்சின், பிசிபி போன்றவை கொழுப்பில் கரைபவை. உடற்கொழுப்பில் ஆண்டுக்கணக்கில் தங்குபவை. கொழுப்பு கரையும்போது அவை இரத்தத்துக்கு வருவதும் உண்மை. எடை குறைப்பவர்களின் இரத்தத்தில் அவற்றின் அளவு ஏறுவதை அளந்திருக்கிறார்கள். நியாசின் முதலில் கொழுப்பு கரைவதைத் தடுத்து, அதன் வேகம் அடங்கியதும் முன்னைவிட அதிகமாகக் கரைய விடுகிறது. இதுவரை கணக்கு சரி. ஆனால் இரத்தத்துக்கு வந்த நஞ்சு அடுத்து எங்கே போகிறது? தோல் வழியாக வெளியே போகிறது என்கிறது ஹப்பர்ட் முறை. இடறுவது இங்கேதான்.

வியர்வை ஏறக்குறைய முழுக்கத் தண்ணீரும் உப்பும். கொழுப்பில் கரையும் பொருள் அதில் ஏறுவது அரிது. கனடாவின் ஒட்டாவா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல் கணக்கிட்டார்கள்: கடுமையாக உடற்பயிற்சி செய்து ஒரு நாளில் இரண்டு லிட்டர் வியர்த்தாலும் அதில் இத்தகைய மாசுகள் ஒரு நானோகிராமில் பத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. அன்றாட உணவில் உள்ளே போகும் அளவில் இது 0.02 விழுக்காடு. ஈயம், ஆர்செனிக் போன்ற உலோகங்கள் வியர்வையில் தென்படுவதுண்டு. ஆனால் தோலின் மேல் ஏற்கெனவே படிந்திருந்ததையும் உள்ளிருந்து வந்ததையும் பிரித்துச் சொல்வது கடினம்.

அப்படியென்றால் டயாக்சின் உடலை விட்டு எந்த வழியில் போகிறது? இதற்கு விடை தந்தவர்கள் நஞ்சேறிய மனிதர்களே. வியன்னாவில் இரண்டு பெண்களுக்கு மிகக் கடுமையான டயாக்சின் பாதிப்பு இருந்தது. குடலில் செரிக்காமல் அப்படியே வெளியேறும் ஓலெஸ்ட்ரா என்ற செயற்கைக் கொழுப்பில் செய்த உருளைக்கிழங்கு வறுவலை மருத்துவர்கள் அவர்களுக்குத் தந்தார்கள். மலத்தில் போகும் டயாக்சின் பல மடங்கு கூடியது என்று 1999இல் லான்செட் இதழில் எழுதினார்கள். 2004இல் டயாக்சின் கொடுக்கப்பட்ட உக்ரைன் அரசியல்வாதி விக்டர் யுஷ்செங்கோவின் உடலிலும் அந்த நஞ்சு முக்கியமாகக் குடல் வழியாகவே இறங்கியது; பாதியாகக் குறையவே பதினைந்து மாதங்களுக்கு மேல் ஆயிற்று. கழிப்பறையில் நடக்கும் இந்த வேலைக்கு விளம்பர மதிப்பு இல்லை என்பது வேறு விஷயம்.

ஹப்பர்ட் முறைக்கு ஆதரவாக 1980களில் ஓர் ஆய்வு வந்தது. 1973இல் மிச்சிகனில் மாட்டுத் தீவனத்தில் தீத்தடுப்பு ரசாயனம் தவறுதலாகக் கலந்து மாநிலமே பாதிக்கப்பட்டது. அந்த மாசு சேர்ந்திருந்தவர்களில் ஏழு பேரை எடுத்து, சிகிச்சைக்குப் பின் அளவு குறைந்தது என்றார்கள். ஏழே பேர். சிகிச்சை பெறாத ஒப்பீட்டுக் குழு இல்லை. இந்த அடித்தளத்தின் மேல் எவ்வளவு பெரிய கட்டடம் எழுந்தது! துண்டில் ஊதாவும் மஞ்சளுமாகக் கறை படிந்தது, அது உள்ளிருந்த நஞ்சு என்று வீரர்களிடம் காட்டினார்கள். நியாசின் தின்றதும் தோல் சிவந்து எரிவதைப் பழைய கதிர்வீச்சு வெளியேறும் அடையாளம் என்றார் ஹப்பர்ட். உண்மையில் அது தோலின் இரத்தக் குழாய்கள் விரிவது. வாழ்நாளில் வெயிலையே பார்க்காதவருக்கும் வரும். போதைப்பொருள் நிறக் கசிவாக வெளியேறும் என்று இதே வட்டாரத்தின் நார்கோனான் அமைப்பு பள்ளிகளில் பாடம் நடத்தியது. கலிபோர்னியா மாநிலக் கல்வித்துறை ஆராய்ந்து பார்த்து, 2005இல் அந்தப் பாடத்தைக் கைவிடச் சொன்னது.

சௌனாவின் மேல் எனக்குப் பகை இல்லை. பின்லாந்தின் குவோப்பியோ பகுதியில் 2,315 நடுவயது ஆண்களைச் சுமார் இருபது ஆண்டுகள் கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. வாரம் நான்கு முதல் ஏழு முறை சௌனா போனவர்களிடம் திடீர் இதய மரணம் வெகுவாகக் குறைந்திருந்தது. வாரத்தில் இத்தனை முறை போக முடிகிறவர் ஏற்கெனவே உடல்நலத்தோடு இருப்பவராகவும் இருக்கலாம் என்ற ஐயத்தைக் கழித்துவிட்டாலும், இரத்தக் குழாய் விரிவதும் மன இறுக்கம் தளர்வதும் நன்மையே. பின்லாந்துக்காரர்கள் இருபது நிமிடம் இருந்துவிட்டு வெளியே வந்து குளிர்நீரில் இறங்குகிறார்கள். ஐந்து மணி நேரம் அவர்கள் பழக்கமல்ல. அங்கேயே ஹெய்னோலா நகரில் 2010இல் 110 டிகிரியில் நடந்த சௌனா போட்டியில் ஒருவர் இறந்தபின் அந்தப் போட்டியையே நிறுத்திவிட்டார்கள்.

மாத்திரைகளின் கதை இதைவிடக் கசப்பு. வளர்ந்த ஆணுக்கு நாளொன்றுக்கு 16 மில்லிகிராம் நியாசின் போதும். துணைமாத்திரையாக எடுத்தால் 35 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம் என்பது அமெரிக்க வரம்பு. ஹப்பர்ட் முறையில் அது 5,000 வரை ஏறும். அவ்வளவு நியாசின் கல்லீரலைக் கெடுக்கக்கூடியது. நஞ்சை முறிக்கும் உறுப்பே அதுதானே. அமெரிக்காவில் மருந்தால் வரும் கல்லீரல் பாதிப்புகளில் ஏறக்குறைய 20 விழுக்காடு மூலிகை, சத்து மாத்திரைகளால் வருபவை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு. பாராசிட்டமால் அளவுக்கு மீறிப்போனால் மருத்துவமனையில் தரும் அசிட்டைல்சிஸ்டீன், கடைகளில் சத்து மாத்திரையாகவும் கிடைப்பதே. உயிரைக் காக்கிறது. எந்த நஞ்சு, எவ்வளவு, எத்தனை மணிக்குள் கொடுக்க வேண்டும் என்றெல்லாம் அளந்து கொடுப்பதால் காக்கிறது.

தீயணைப்பு வீரர்களிடம் திரும்புவோம். அவர்கள் சுவாசித்தது பெரும்பாலும் பொடியான சிமெண்டும் கண்ணாடி இழையும். காரம் மிகுந்த தூசி. அது நுரையீரலில் புண்ணையும் தழும்பையும் உண்டாக்கியது. தொடையில் வழியும் வியர்வை நுரையீரல் தழும்பை எப்படி ஆற்றும்? ஆனால் இந்தச் சௌனா சிகிச்சைக்காக அவர்கள் மூச்சுக்கான இன்ஹேலரையும் இரத்த அழுத்த மாத்திரையையும் நிறுத்த வேண்டியிருந்தது. தீயணைப்புத் துறையின் மருத்துவர்கள் இந்தத் திட்டத்தை ஏற்கவில்லை. நன்றாகத் தூங்கினேன், உடல் லேசாயிற்று என்று சொன்ன வீரர்கள் பொய் சொல்லவில்லை. ஓட்டமும் வெப்பமும் வேளைக்கு உணவும் அக்கறையாகக் கேட்கும் ஆளும் சேர்ந்தால் அது நடக்கும். அந்தப் புண்ணியத்தை வெளியேறாத நஞ்சின் பேரில் எழுதியதுதான் தவறு. அவர்களுக்கான நெடுங்கால மருத்துவக் கண்காணிப்பைச் சட்டமாக உறுதிசெய்யும் ஜட்ரோகா சட்டம் 2011 ஜனவரியில்தான் கையெழுத்தானது.

குளியலாகச் சௌனா தேறுகிறது, சிகிச்சையாகத் தேறவில்லை. நச்சுநீக்கம் என்று யாராவது உங்களிடம் விற்க வந்தால் நஞ்சின் பெயரைக் கேளுங்கள், முன்னும் பின்னும் எடுத்த இரத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். மருத்துவர் எழுதித் தந்த மாத்திரையை நிறுத்தச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள்.