மாவட்ட வருமானம்: யார் வீட்டுக் கணக்கு?

மயிலாடுதுறை மாவட்டத்தின் பூம்புகாரில் ஒரு நடுத்தரக் குடும்பம் ஆண்டுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறது? இந்தக் கேள்விக்கு அரசின் எந்த அறிக்கையிலும் நேரான விடை இல்லை. இருப்பது மாவட்டத்தின் தனிநபர் வருமானம். மாநிலப் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறை, மாவட்ட எல்லைக்குள் ஓராண்டில் உற்பத்தியான பொருள், சேவைகளின் மதிப்பைக் கணக்கிட்டு மக்கள்தொகையால் வகுக்கிறது. அந்த உழைப்பைக் குறைத்துப் பேச முடியாது. எல்லா மாவட்டங்களுக்கும் ஒரே முறை. நெல்லைப் பொறுத்தவரை, வயலில் இறங்கி அறுத்து எடைபோட்டுப் பார்க்கும் பயிர் அறுவடைச் சோதனை அந்தக் கணக்குக்கு அடித்தளம். ஆனால் அந்தத் தொகையைக் குடும்பங்களின் நிலைமைக்கு அளவுகோலாக்கும்போது கோளாறு தொடங்குகிறது.

குத்தாலத்தில் எடுக்கப்படும் எரிவாயுவின் மதிப்பு மயிலாடுதுறை மாவட்டக் கணக்கில் ஏறும். நடவுக்குப் போகும் பெண்ணின் வீட்டுக்கு அதில் எதுவும் வந்து சேராது. சிங்கப்பூரிலிருந்து மகன் அனுப்பும் பணத்தில் ஒரு வீடு நிமிர்ந்து நிற்கும். அந்தப் பணம் மாவட்ட உற்பத்தியில் சேராது. போதாததற்கு, சராசரி என்பது மேல்தட்டில் சிலர் வளர்ந்தாலே உயர்ந்துவிடும். குடும்பங்களை வருமான வரிசையில் நிறுத்தி நடுவில் நிற்கும் குடும்பத்தைப் பார்ப்பதுதான் இடைநிலை வருமானம். நமக்கு வேண்டியது அதுதான்.

காலப்போக்கில் ஒப்பிடுவது இன்னும் சிக்கல். பழைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991-இல் நாகப்பட்டினம் பிரிந்தது. அதிலிருந்து 1997-இல் திருவாரூரும், 2020-இல் மயிலாடுதுறையும் பிரிந்தன. முப்பது ஆண்டுகளில் பூம்புகார் மூன்று மாவட்டங்களில் இருந்திருக்கிறது. வகுக்கும் மக்கள்தொகையோ 2011 கணக்கெடுப்பை வைத்து நீட்டிய மதிப்பீடு.

அமெரிக்கா இதை வேறு வழியில் அணுகுகிறது. அங்குள்ள 3,100-க்கும் மேற்பட்ட கவுண்டிகளுக்கும் (நம் மாவட்டம் போன்ற பிரிவுகள்) இடைநிலைக் குடும்ப வருமானத்தை மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை ஆண்டுதோறும் மதிப்பிடுகிறது. சின்னக் கவுண்டியில் மாதிரிக்குக் கிடைக்கும் வீடுகள் கொஞ்சம்தான். அந்தக் குறையை வருமான வரிப் பதிவுகளையும் உணவு உதவிப் பதிவுகளையும் துணைக்கு வைத்து ஈடுகட்டுகிறார்கள். ஒவ்வொரு மதிப்பீட்டோடும் பிழை வரம்பையும் வெளியிடுகிறார்கள். அந்த நேர்மையை நாம் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அங்கும் 2005-இல் அடிப்படைக் கணக்கெடுப்பு மாறியதால் அதற்கு முந்தைய தொகைகளோடு கண்ணை மூடிக்கொண்டு ஒப்பிட முடியாது.

அந்த முறையை இங்கே நட முடியுமா? வேளாண் வருமானத்துக்கு வரி கிடையாது. மீன்பிடித் தொழிலாளி வரிக் கணக்கு தாக்கல் செய்வதும் அரிது. சாய்ந்துகொள்ளத் தூணே இல்லை. ரேஷன் அட்டை, மின் கட்டணம், கொள்முதல் நிலையப் பதிவு என்று நம்மிடம் வேறு பதிவுகள் உண்டு. ஆனால் குத்தகைக்காரர் பயிரிட்ட நெல் நில உரிமையாளர் பெயரில் பதிவாவதும் இங்கே நடப்பதுதான். மாதிரியின் குறையை ஈடுகட்டும் சூத்திரத்தில் இன்னோர் ஆபத்தும் உண்டு. 2022 நவம்பர் 11-இல் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. மழை கொட்டியது, சம்பா பயிர் மூழ்கியது. அண்டை வட்டாரங்களின் போக்கைக் கொண்டு இட்டு நிரப்பும் சூத்திரம், அப்படிப்பட்ட ஆண்டின் இழப்பைத்தான் முதலில் மழுங்கடிக்கும்.

வீட்டு வாசலில் போய்க் கேட்பதும் எளிதல்ல. மீனவர் வீட்டையே எடுத்துக்கொள்வோம். படகு கரை சேர்ந்ததும் மீன் ஏலம் போகிறது. டீசல், ஐஸ் செலவு கழிகிறது. படகுக்கும் வலைக்கும் ஒரு பங்கு போக, மிச்சத்தைக் கடலுக்குப் போனவர்கள் பிரித்துக்கொள்கிறார்கள். குழம்புக்கு எடுத்துவந்த மீனை யாரும் விலை போடுவதில்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் போய் ‘போன மாதம் எவ்வளவு வந்தது?’ என்று கேட்டால் கிடைக்கும் விடை ஆண்டுக் கணக்குக்கு உதவாது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு 1950-களிலும் 60-களிலும் வருமானம் கேட்டுப் பார்த்தபோது, சொல்லப்பட்ட வருமானம் செலவும் சேமிப்பும் சேர்ந்த தொகையைவிடக் குறைவாக இருந்தது. முயற்சி கைவிடப்பட்டது.

பொறுமையாகக் கேட்டால் விடை கிடைக்கும் என்பதற்குக் காவிரி டெல்டாவிலேயே சான்று இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1918-இல் வெளியிட்ட கிராம ஆய்வுகளில் பாலக்குறிச்சி ஒன்று. 1937-இலும், 1983-இல் பொருளியலாளர் எஸ். குகனாலும், 2019-இல் வேளாண் ஆய்வு நிறுவனத்தாலும் அதே ஊர் மறுபடி ஆராயப்பட்டது. ஊர் அதேதான் என்பதால் எல்லைக் குழப்பம் குறைவு. பயிர்வாரியாக வரவையும் செலவையும் எழுதி வருமானத்தைக் கணக்கிட முடிந்தது. ஆனால் ஒரு நெல் கிராமம் ஒரு மாவட்டத்துக்காகப் பேசாது. கடற்கரைக்காக நிச்சயம் பேசாது.

நாடு தழுவிய குடும்ப வருமானக் கணக்கெடுப்பை 2026 பிப்ரவரியில் தொடங்குவதாக மத்திய அரசு 2025-இல் அறிவித்தது. மயிலாடுதுறையில் அது மீனவர் குடியிருப்பையும் நெல் ஊர்களையும் தனித்தனி அடுக்காக எடுக்க வேண்டும். ஒரே வீட்டுக்குத் தடைக்காலத்தில் ஒரு முறையும் சம்பா அறுவடை முடிந்தபின் ஒரு முறையும் போக வேண்டும். மாவட்டத்துக்கான இடைநிலையைப் பிழை வரம்போடு வெளியிட்டு, அந்த வரம்புக்குள் அடங்கும் வேறுபாட்டை வைத்து மாவட்டங்களைத் தரவரிசைப்படுத்தாமல் இருக்க வேண்டும். இவ்வளவுக்கும் கூடுதலாகக் களப்பணியாளர்களும் செலவும் தேவைப்படும். அந்தச் செலவை அரசு தயங்காமல் ஏற்க வேண்டும்.