தோளுக்குப் பொருந்தாத துப்பாக்கி

போடிநாயக்கனூரில் எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் இரண்டு பெரிய ஆணிகள் இருக்கின்றன. என் சிறுவயதில் தாத்தாவின் ரெட்டைக்குழல் துப்பாக்கி அவற்றின் மீதுதான் கிடக்கும். தேர்தல் அறிவித்தால் காவல் நிலையத்துக்குப் போகும். முடிந்தால் திரும்பி வரும். தாத்தா அதைத் தோளில் வைத்தால் வீடே எழுந்து நிற்கும். ஆனால் அதற்கு எண்ணெய் போட்டதும், குழலுக்குள் துணி சுற்றிய கம்பியை விட்டு இழுத்ததும், தோட்டாப் பெட்டியில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொண்டதும் அப்பத்தா. எந்தக் குழலில் கீறல் இருக்கிறது என்பது அவளுக்குத்தான் தெரியும். ஒருமுறைகூட அவள் சுட்டதில்லை.

தாத்தாவுக்குப் பிறகு அது அப்பா பெயருக்கு வந்தது. அப்பாவும் போன பிறகு, உரிமத்தை யார் பெயருக்கு மாற்றுவது என்று பேச்சு வந்தது. சென்னையிலிருக்கும் தம்பி வேண்டாம் என்றுவிட்டான். “என் பேருக்கு மாத்துங்க” என்றேன். சித்தப்பா சிரித்தார். “உனக்கெதுக்குத்தா துப்பாக்கி? அதான் கவிதையிலயே சுட்டுக்கிட்டு இருக்கியே.” விசாரிக்கப் போன அலுவலகத்தில் ஒருவர் சிரிக்காமல் அதே கேள்வியைக் கேட்டார். “வீட்ல ஆம்பளைங்க யாரும் இல்லையா மேடம்?”

அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டுதான், நான் இளவயதில் விழுந்து விழுந்து படித்த வேட்டை நூல்களை மறுபடி எடுத்தேன்.

ஜிம் கார்பெட்டின் ‘குமாவுன் மனித வேட்டையர்கள்’ 1944இல் வந்த நூல். அதன் முதல் கதை, 1907இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலியைப் பற்றியது. 436 பேரைக் கொன்ற புலி என்கிறார். அந்தக் கதையில் ஒரு பெண் வருகிறாள். கண்ணெதிரே தன் அக்காவைப் புலி தூக்கிக்கொண்டு போனபோது, கையிலிருந்த அரிவாளை ஓங்கியபடி அதன் பின்னாலேயே கத்திக்கொண்டு ஓடியவள். அதன் பிறகு பேச்சிழந்து போனவள். புலியைக் கொன்று அதன் தோலைக் கொண்டுவந்து காட்டியதும் அவளுக்குப் பேச்சு திரும்புகிறது. பதினேழு வயதில் அந்த இடத்தில் அழுதேன். இப்போது படிக்கும்போது வேறொன்று உறுத்துகிறது. அவளுக்குப் பெயர் இல்லை. கார்பெட்டின் துப்பாக்கிக்குப் பெயர் உண்டு. இந்தப் புலியைக் கொன்றதற்காக அவருக்குப் பரிசளிக்கப்பட்ட .275 ரிக்பி ரைஃபிள், வெள்ளித் தகடு பதித்தது, இன்றைக்கும் துப்பாக்கிப் பிரியர்கள் பக்தியோடு பேசுவது. ஓர் ஆயுதத்தின் வரலாறு இத்தனை நுணுக்கமாக எழுதப்பட்டிருக்கிறது. வெறும் அரிவாளோடு புலியைத் துரத்தியவளின் வரலாறோ, ஆணின் வெற்றிக்குச் சாட்சி சொன்னதோடு முடிந்துவிடுகிறது.

பெங்களூரில் வாழ்ந்த கென்னத் ஆண்டர்சனின் முதல் நூல் 1954இல் வந்தது. அவருடைய .405 வின்செஸ்டரையும் வாசகர் மறக்க முடியாது. இருவரும் நல்ல கதைசொல்லிகள். காடு அழிவதைப் பற்றிக் கவலைப்பட்டவர்கள். அவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. நான் கேட்பது கதையின் அமைப்பைப் பற்றி. விறகுக்கும் புல்லுக்கும் காட்டுக்குள் போனவர்கள் பெண்கள். பலியானவர்களில் அவர்கள் எத்தனையோ பேர். ஆனால் கதை தொடங்குவது அவர்கள் இறந்த பிறகு. உழைத்துக்கொண்டிருந்த பெண் பிணமான பிறகுதான் கதைக்குள் நுழைய முடிகிறது. அதன் பின் வருவது பரண், இரவு, பொறுமை, ஒரு வெடிச்சத்தம்.

தமிழில் இதற்கு எதிரான ஒரு காட்சி ஏற்கெனவே இருக்கிறது. குறிஞ்சித் திணையில் மலைச்சரிவின் காவல் பெண்ணுடையது. தினைப்புனத்துப் பரணில் கவணும் தட்டையும் குளிரும் தழலுமாக நிற்பவள் அவள். தலைவன் வேட்டைக்காரன். “இந்தப் பக்கம் அம்பு பட்ட யானை வந்ததா, மான் வந்ததா” என்று கேட்டபடி வருவான். அகப்பொருள் இலக்கணம் இதைக் கெடுதி வினாதல் என்கிறது. தொலைந்தது எதுவும் இல்லை என்பது அவளுக்கும் தோழிக்கும் தெரியும். வகுப்பில் இதை நடத்தும்போதெல்லாம் மாணவியர் சிரிப்பார்கள். வேட்டை என்பது பல நேரங்களில் ஒரு சாக்கு என்பதை இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்தைய நம் கவிஞர்கள் கண்டுகொண்டிருக்கிறார்கள். அங்கே ஆயுதம் இருவரிடமும் இருக்கிறது. அவனுடையது கொல்வதற்கு, அவளுடையது விரட்டுவதற்கு. தினை முற்றி அறுவடையானதும் அவளை இற்செறிப்பார்கள். கவண் அவளுக்கு வேலைக்கருவியாகத்தான் கொடுக்கப்பட்டது, உடைமையாக இல்லை. அப்பத்தாவும் எண்ணெய்த் துணியும் எனக்கு அங்கேதான் நினைவுக்கு வந்தார்கள்.

நாம், பெண்ணியம் பேசுகிறவர்கள், துப்பாக்கி என்றதும் அது ஆணாதிக்கத்தின் சின்னம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். சின்னம்தான். ஆனால் அது ஒரு பொருளும்கூட. அந்தப் பொருளைப் பற்றிய அறிவு ஆண்களின் திண்ணைப் பேச்சிலேயே கிடக்க நாமும் உடந்தை. எனவே கொஞ்சம் பொருளைப் பேசுகிறேன்.

ரைஃபிளின் குழலுக்குள் சுருள் வரிகள் இருக்கும். ஒற்றைக் குண்டு சுழன்றுகொண்டு நேராகப் போகும். சிறிய .22 குண்டே ஒரு கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது. ஷாட்கன்னின் குழல் உள்ளே வழவழப்பானது. சிறு சிறு ஈயக் குண்டுகளைச் சிதறவிடும். நாற்பது மீட்டருக்கு அப்பால் அதன் வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். ‘12 போர்’ என்றால், குழலின் விட்டத்தில் உருட்டிய ஈயக் குண்டுகள் பன்னிரண்டு சேர்ந்தால் ஒரு பவுண்டு எடை என்று பொருள். விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீட்டர். 20 போர் அதைவிடச் சிறியது. எண் கூடினால் துளை குறையும் என்பதே பலருக்குத் தெரியாது.

தேர்ந்தெடுப்பதில் முதல் கேள்வி கம்பெனிப் பெயர் இல்லை, உடல். விசையிலிருந்து கட்டையின் பின்முனை வரையுள்ள நீளம் பல ஷாட்கன்களில் பதினாலரை அங்குலத்தை ஒட்டி இருக்கும். அது ஒரு சராசரி ஆணின் கைக்கு அளந்தது. கட்டை நீளமானால் தோள்குழியில் உட்காராது. கன்னம் சரியாகப் பதியாது. கண் குழலின் நேருக்கு வராது. குறி தவறும், தோளில் ரத்தம் கட்டும். அப்போது சொல்வார்கள்: “பொம்பளைக்கு ஒத்துவராது.” மாற்றாக “லேடீஸ் துப்பாக்கி” என்று இலேசான ஒன்றை நீட்டுவார்கள். அது இன்னும் மோசம். அதே தோட்டாவைப் போட்டால், எடை பாதியான துப்பாக்கியின் உதைப்பு ஆற்றல் இரட்டிப்பாகும். கனம் உதையைத் தாங்கும். குறைக்க வேண்டியது கட்டையின் நீளத்தையும் தோட்டாவின் மருந்தையும்தான். பெண்ணின் உடலைப் பலவீனம் என்று முடிவுகட்டிவிட்டுச் செய்யும் கருணை அவளையே திருப்பி உதைக்கிறது. துப்பாக்கியில் மட்டுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

உடலைப் பற்றிய இந்த முன்முடிவுக்குச் சான்று எதுவும் இல்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் ஆண்களும் பெண்களும் சேர்ந்து போட்டியிட்ட மூன்று நிலை ரைஃபிளில் மார்கரெட் மர்டாக் முதலிடத்துக்குச் சமமான புள்ளி எடுத்தார். நுண்கணக்கில் வெள்ளி என்றானது. பொன் வென்ற லேனி பாஸம் அவரைத் தன் மேடைக்கே கைகொடுத்து ஏற்றிக்கொண்டார். 1992 பார்சிலோனாவில் கலப்பு ஸ்கீட் போட்டியில் சீனாவின் ஜாங் ஷான் ஆண்களையெல்லாம் தாண்டிப் பொன் வென்றார். அடுத்த ஒலிம்பிக்கில், 1996இல், ஸ்கீட் ஆண்களுக்கு மட்டும். பெண்களுக்கென ஸ்கீட் வந்தது 2000இல். வென்றவளுக்கு அட்லாண்டாவில் நிற்க இடமே இல்லை.

நம் ஊர்ப் பெண்களில் பெரும்பாலோர் ரைஃபிளை முதலில் தொடுவது கல்லூரி என்.சி.சி.யில்தான். நானும் அப்படித்தான். மண்மூட்டைக்குப் பின்னால் குப்புறப் படுத்து, .22இல் ஐந்து குண்டுகள். மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி, விசையை இழுக்காமல் அழுத்தச் சொன்னார்கள். அந்த அரை நொடி அமைதி பிறகு எனக்குக் கவிதை எழுதும்போது மட்டுமே வாய்த்தது. அதில் ஆண் என்ன, பெண் என்ன? ஆனால் சாதியும் வர்க்கமும் உண்டு. பறக்கும் களிமண் தட்டைச் சுடும் டிராப் போட்டியில் பாரிஸ் 2024க்குப் போன பிருத்விராஜ் தொண்டைமான் புதுக்கோட்டை அரச மரபில் வந்தவர். அதே பாரிஸில் ஏர் ரைஃபிளோடு நின்ற இளவேனில் வாலறிவன் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்தவர். இருவர் திறமையும் உழைத்துப் பெற்றது. ஆனால் ஷாட்கன் சில வீடுகளில் மட்டுமே பரம்பரையாகத் தொங்குகிறது என்பதும் உண்மை.

சட்டத்துக்குள்ளும் இந்தப் படிநிலை இருக்கிறது. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பாதுகாப்புக்கும் விளையாட்டுக்கும் கேட்டால் வழவழப்புக் குழல் துப்பாக்கி என்கிறது. பயிர்க் காவலுக்கு என்றால், வாய்வழியே மருந்து கெட்டிக்கும் பழைய துப்பாக்கியை முதலில் வைக்கிறது. பொழுதுபோக்குகிறவருக்கு நல்லது, பயிர்செய்கிறவருக்குப் பழையது. வேட்டையை 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டம் நிறுத்தியது. 2019 திருத்தம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைத்தது. இரண்டும் சரியே என்பேன்.

போடியிலிருந்து விடிகாலையில் ஜீப்பில் மேட்டுக்குப் போகிற பொம்பளையாட்களை நினைத்தால் இந்தப் பேச்சுக்கு வேறொரு முகம் வருகிறது. போடிமெட்டைத் தாண்டி ஏலத்தோட்டங்களில் குனிந்து காய் எடுக்கிறவர்கள். தூரிலிருந்து பன்றி எழுந்தால் முதலில் எதிர்ப்படுவது அவர்களுக்குத்தான். கேரளம் 2022இல், ஊருக்குள் வரும் பன்றியைச் சுட அனுமதிக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்குக் கொடுத்தது. சுடுபவர்கள் உரிமம் உள்ளவர்கள். தமிழ்நாடு 2025இல் காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் மட்டும் சுடலாம் என்றது. எந்த முறை சிறந்தது என்று விவாதிக்கலாம். ஆனால் இரண்டிலும், குனிந்து நிற்கிறவளிடம் யாரும் எதையும் கேட்பதில்லை. அவள் கையில் இருப்பது சாப்பாட்டுத் தூக்கும் இடுப்பில் கட்டிய சாக்கும். மலைச்சரிவைக் காக்கிற வேலை இன்றும் சத்தம் போட்டு, தகரம் தட்டித்தான் நடக்கிறது. கவணைக்கூட அவள் இழந்துவிட்டாள்.

பெண்கள் எல்லோரும் துப்பாக்கி வாங்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. வீட்டில் துப்பாக்கி இருந்தால் அது யார் பக்கம் திரும்பும் என்பதைக் குடும்ப வன்முறையை அறிந்த எந்தப் பெண்ணிடமும் கேட்டுப் பார்க்கலாம். குடித்துவிட்டு வந்த ஓர் இரவில் தாத்தா சுவரைப் பார்த்தார். அப்பத்தா தோட்டாப் பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்தாள். எண்ணெய் போட்டவள் அதையும் செய்தாள். வேட்டை நூல் எதிலும் அந்தக் காட்சி இல்லை. நான் படித்த பெண்ணியக் கட்டுரைகளிலும் இல்லை. ஆயுதத்தை எடுத்துச் சுடுகிறவர்களைப் பற்றியும், அதற்குப் பலியாகிறவர்களைப் பற்றியும் நாம் எழுதியிருக்கிறோம். அதைப் பராமரித்துக்கொண்டே, தோட்டாவை ஒளித்துவைத்துக்கொண்டே வாழ்ந்தவளைப் பற்றி எழுதவில்லை.

2016 ஆயுத விதிகளின்படி, உரிமதாரர் இறந்தால் சட்டப்படியான வாரிசு தன் பெயருக்குக் கேட்கலாம். மற்ற வாரிசுகள் ஆட்சேபணை இல்லை என்று எழுதித் தர வேண்டும். மகன் என்று அங்கே எழுதியில்லை, வாரிசு என்றுதான் இருக்கிறது. தம்பி எழுதித் தந்தான். அம்மா கையெழுத்துப் போடுமுன் ஒன்று கேட்டாள்: “தோட்டாப் பெட்டிய எங்க வைப்ப?” அவள்தான் சரியான கேள்வியைக் கேட்டாள்.

மனு கொடுத்திருக்கிறேன். அதுவரை துப்பாக்கி வேறிடத்தில் பூட்டில் இருக்கிறது. அங்கே ஒரு நாள் டேப் கொண்டுபோய் அளந்தேன். எனக்கு ஒன்றரை அங்குலம் நீளம். கிடைத்தால் ஆசாரியிடம் கொடுத்துக் கட்டையைக் குறைப்பேன். களிமண் தட்டுக்கு அப்பால் எதையும் சுட மாட்டேன். கிடைக்காவிட்டால், உரிமம் தேவைப்படாத 4.5 மில்லிமீட்டர் ஏர் ரைஃபிள் ஒன்றை வாங்கிக்கொண்டு காகிதத்தில் வட்டம் போட்டுச் சுடுவேன். எதுவானாலும் சுவரில் மாட்டுவதாக இல்லை. அந்த இரண்டு ஆணிகளில் இப்போது அப்பத்தாவின் படம் இருக்கிறது.