இனிமையுள் அச்சம்: ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’ இசைத்தொகுப்பில் பல்லியத்தின் பங்கு

முன்னுரை

1960களின் அமெரிக்க எதிர்ப்பண்பாட்டுச் சூழலில் தோன்றிய இசைத்தொகுப்புகளுள், லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் ‘லவ்’ குழுவினர் 1967 நவம்பரில் வெளியிட்ட ‘ஃபாரெவர் சேஞ்சஸ்’ தனித்து ஆராயத்தக்கது. ராக் இசையில் வயலினும் எக்காளமும் இடம்பெறின் அவற்றை வெறும் மெருகெனக் கொள்வது வழக்கம். இத்தொகுப்பில் பல்லியம் அணியன்று. பாடற்பொருளின் கூறே என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

உருவாக்கம்

பதினொரு பாடல்களுள் ஒன்பது ஆர்தர் லீ இயற்றியவை. இரண்டு பிரையன் மக்லீன் இயற்றியவை. லீ தம் மனத்தில் ஒலித்த நரம்புக்கருவி, ஊதுகருவிப் பகுதிகளை வாயால் பாடிக்காட்ட, டேவிட் ஏஞ்சல் அவற்றை இசைக்குறியீட்டில் அமைத்தார். குழுவினரின் வாசிப்புக்குப் பின்னரே பல்லியம் பதிவு செய்யப்பட்டது. எனினும் அது பிறரால் ஒட்டப்பட்டதன்று. பாடலாசிரியரின் கற்பனையிலேயே தோன்றியதாகும்.

பொருளும் இசையும்

வியட்நாம் போர் நிகழ்ந்த காலம் அது. தாம் விரைவில் இறக்கப்போவதாக நம்பியே இப்பாடல்களை எழுதியதாக லீ பின்னாளில் கூறினார். அப்போது அவருக்கு வயது 22. ‘தி ரெட் டெலிஃபோன்’ பாடலில் மென்மையான வயலின்கள் தாலாட்டுப்போல் செல்ல, சொற்களோ சாவை நோக்குகின்றன. முடிவில், மனிதர் அடைத்துவைக்கப்படுவதை உரைக்கும் குரல் மந்திரம்போல் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. அச்சம் பிறக்கும் நிலைக்களன்களுள் ‘இறை’யையும் தொல்காப்பியர் வைப்பார், உரையாசிரியர் அதில் அரசரையும் அடக்குவர். இப்பாடலின் அச்சமும் அதிகாரத்தின்பால் எழுவதே. வயலின்களை நீக்கிவிடின் இது வெளிப்படையான முறையீடாகச் சுருங்கும். அவை தரும் இனிமையே கேட்போரை ஐயமின்றி உள்ளே அழைத்துச்சென்று, பின்னர் அச்சத்தின்முன் நிறுத்துகிறது.

எல்லாப் பாடல்களிலும் இவ்வுத்தி இல்லை. ‘எ ஹவுஸ் இஸ் நாட் எ மோட்டல்’ பாடலின் இறுதியில் மின்கிதார்களே மோதுகின்றன. அங்கு அச்சம் மறைவின்றி வெடிக்கிறது. இம்முரண், பல்லியம் தேவையறிந்தே ஆளப்பட்டது என்பதற்குச் சான்றாகும்.

முடிவுரை

அமெரிக்க விற்பனை வரிசையில் இத்தொகுப்பு 154ஆம் இடத்திற்குமேல் செல்லவில்லை. ஆயினும் லீ 2003இல் லண்டனில் நரம்பு, ஊதுகருவிக் கலைஞருடன் இதனை முழுமையாக அரங்கேற்றினார், 2006இல் மறைந்தார். 2011ஆம் ஆண்டுக்குரிய அமெரிக்கத் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலிலும் இது இடம்பெற்றது. அன்பின் கோடை எனக் கொண்டாடப்பட்ட ஆண்டிலேயே அதன் நிழலையும் பதிவுசெய்தமையே இதன் நிலைபேற்றுக்குக் காரணம் எனலாம்.