மடக்குகளும் வெற்று மதிப்பும்

நிரல் மொழிகளில் ஒரு பட்டியலின் உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துச் செயற்படுத்தும் கட்டளை மடக்கு எனப்படும். பட்டியல் வரவேண்டிய இடத்தில் வெற்று மதிப்பு வந்தால் மடக்கு என்ன செய்ய வேண்டும் என்பதில் மொழிகள் ஒத்துப்போவதில்லை.

வெற்று மதிப்பு சுழியன்று. காலிப் பட்டியலும் அன்று. மாரியூர்க் கடற்கரையில் படகுவாரியாக மீன்பாட்டைக் கூட்டும் ஒரு நிரல் இருப்பதாகக் கொள்வோம். கடலுக்குப் போய் வெறும் வலையோடு திரும்பிய படகுக்கு எடை 0. காற்று மிகுந்து ஒரு படகும் போகாத நாளில் பட்டியல் காலி. படகுகள் போய்வந்தும் அன்றைய கணக்கு வந்து சேரவில்லை என்றால் அதுவே வெற்று மதிப்பு. முதல் இரண்டும் செய்திகள். மூன்றாவது, செய்தியே வராத நிலை. மூன்றுக்கும் '0 கிலோ' என்று அச்சிடும் நிரல் பொய்க்கணக்கு எழுதுகிறது.

வெற்றுச் சுட்டை 1965இல் அல்கால் டபிள்யூ மொழிக்காக வகுத்த டோனி ஹோர், அதைத் தம்முடைய நூறு கோடி டாலர் பிழை என்று 2009இல் குறிப்பிட்டார்.

பைத்தான், ஜாவா, சி ஷார்ப் ஆகியவை வெற்று மதிப்பின்மீது மடக்கை ஓட்ட மறுத்துப் பிழை காட்டி நிற்கின்றன. இதுவே சரியான முறை. பிஎச்பி எச்சரிக்கை மட்டும் கொடுத்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறது. எச்சரிக்கையை யாரும் படிக்காவிட்டால் தவறான கூட்டுத்தொகை அப்படியே நிலைத்துவிடும். பவர்ஷெல்லின் பழைய பதிப்புகள் இன்னும் விந்தையானவை: ஒன்றுமில்லாததற்கு மடக்கு ஒருமுறை ஓடும். 3.0 பதிப்பில் இது திருத்தப்பட்டது. கோ மொழியில் வெற்றுத் துண்டின்மீது மடக்கு ஒருமுறையும் ஓடாது. அங்கே வெற்றுத் துண்டு காலித் துண்டாகவே நடத்தப்படுவதால் இதில் முரண் இல்லை. ஆனால் 'கணக்கு வரவில்லை' என்பதை நிரலர் வேறு வழியில்தான் குறிக்க வேண்டும்.

பட்டியலுக்கு உள்ளே வெற்று மதிப்பு இருப்பது வேறு சிக்கல். ஐந்து படகுகளின் எடை 10, 0, வெற்று, 20, 30 கிலோ என்க. எஸ்கியூஎல் சராசரி வெற்றை விட்டுவிட்டு 15 என்கிறது. வெற்றைச் சுழியாக்கினால் 12. லுவா மொழியின் 'ஐபேர்ஸ்' முதல் வெற்றிலேயே நின்றுவிடுவதால் கூட்டுத்தொகை 60 அன்று, 10. இவற்றுள் 15 ஏற்கத்தக்கது, ஒரு படகின் கணக்கு விடுபட்டது என்ற குறிப்பும் உடன் இருந்தால்.

தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியலில் பைத்தான் பயிலும் மாணவர்கள் இந்தப் பிழைச்செய்தியைக் கண்டதும், வெற்றுக்குப் பதிலாகக் காலிப் பட்டியலை வைத்து அதை அடக்கிவிடுவதுண்டு. நிரல் ஓடிவிடும்; கணக்கு ஏன் வரவில்லை என்ற கேள்வி அத்துடன் மறைந்துபோகும். மடக்குக்கு முன்னாலேயே வெற்றா என்று சோதித்து, 'கணக்கு வரவில்லை' என்று அச்சிட இரண்டு வரி போதும்.