குரல் யாருடையது, உடம்பு யாருடையது? – டி.ஆர்.மகாலிங்கத்தை முன்வைத்து

ஆடி மாசம் அம்மன் கோயில்களில் கூழ் ஊற்றும் நாட்களில் திருவொற்றியூர்த் தெருக்களில் விடியுமுன்பே ரேடியோ செட் அலறத் தொடங்கிவிடும். 'திருவிளையாடல்' (1965) பாட்டு ஒன்றாவது கட்டாயம் உண்டு. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் தாத்தா, அதில் டி.ஆர்.மகாலிங்கத்தின் குரல் வந்தால் மட்டும் டீ கிளாஸைக் கீழே வைத்துவிடுவார். "இந்தாளு ஒருத்தர்தான்டா பாடுறாரு. மத்தவங்கல்லாம் வாயசைக்கிறாங்க" என்பார். கிழவரின் பழைய ரசனை என்று அப்போது தள்ளிவிட்டேன். இன்று அதை ஒரு விமர்சனமாகவே எடுத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அந்தப் படத்தின் பாட்டுப் போட்டிக் கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். மதுரைக்கு வரும் ஹேமநாத பாகவதர் திமிர் பிடித்த மகாவித்வான். டி.எஸ்.பாலையாவின் உடம்பு, பாலமுரளிகிருஷ்ணாவின் குரல். அவரைப் பாட்டாலேயே ஊரைவிட்டு ஓடவைக்கும் விறகுவெட்டியாகச் சிவபெருமான். சிவாஜியின் உடம்பு, டி.எம்.சௌந்தரராஜனின் குரல். இருவருக்கும் நடுவே 'நம்மால் ஜெயிக்க முடியாது' என்று நடுங்கிக் கோயிலில் போய் அழுகிற பாணபத்திரர். அவர்தான் மகாலிங்கம். உடம்பும் குரலும் அவருடையவை. ஆக, மூன்று பாடகர்களில் சொந்தத் தொண்டையில் பாடுகிற ஒரே ஆளைத்தான் கதை 'பாட லாயக்கற்றவன்' என்கிறது. அவனுக்காகக் கடவுளே வந்து பின்னணி பாடிவிட்டுப் போகிறார். இது தற்செயலாக அமைந்ததாக இருக்கலாம். ஆனால் தமிழ்ச் சினிமாவின் குரல் வரலாறு முழுவதும் இந்தத் தற்செயலுக்குள் அடங்கியிருக்கிறது.

சோழவந்தான் பக்கத்துத் தென்கரையில் பிறந்த மகாலிங்கம் நாடகக் கம்பெனியில் பாடி வளர்ந்த பையன். 1933இல் 27 வயதிலேயே செத்துப்போன எஸ்.ஜி.கிட்டப்பாவின் உச்சஸ்தாயியைத் திரும்பக் கேட்கும் ஆசையோடுதான் ஜனங்கள் இவரிடம் வந்தார்கள். 1938இல் ஏ.வி.மெய்யப்பன் 'நந்தகுமா'ரில் பாலகிருஷ்ணனாக்கினார். 1944 கடைசியில் தியாகராஜ பாகவதர் கொலை வழக்கில் கைதானபோது பாட்டு நாயகனின் நாற்காலி காலியானது. சில மாதங்களில் வந்த 'ஸ்ரீவள்ளி' (1945) அதில் இருபது வயது கடந்த மகாலிங்கத்தை உட்காரவைத்தது. 'நாம் இருவர்' (1947) வரை ஏறுமுகம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்தப் பையனைத் தூக்கிவிட்ட படங்கள்தான் அவனுக்குக் குழியும் தோண்டின. நடிப்பவர் ஒருவர், பாடுபவர் வேறொருவர் என்ற ஏற்பாடு தமிழில் முதலில் செய்து பார்க்கப்பட்டது அந்த 'நந்தகுமா'ரில்தான். தேவகியாக நடித்தவருக்கு லலிதா வெங்கட்ராமன் பாடினார். 'ஸ்ரீவள்ளி'யில் நாயகி குமாரி ருக்மிணியின் பாட்டு திருப்தி தராமல், பி.ஏ.பெரியநாயகியின் குரலை வைத்து மாற்றினார்கள். 'நாம் இருவ'ரில் குமாரி கமலாவின் ஆட்டத்துக்கு டி.கே.பட்டம்மாளின் குரல். பக்கத்தில் நிற்கும் பெண்ணின் தொண்டையிலிருந்து பாட்டைக் கழற்றி வேறு தொண்டையில் மாட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது, இவர் தன் குரலை மட்டும் நம்பி நின்றார். முதலில் பெண்களிடம் நடந்தது ஆண்களிடம் வர ரொம்ப நாள் ஆகவில்லை.

மகாலிங்கத்தின் வீழ்ச்சிக்குச் சொல்லப்படும் வழக்கமான கதையாடல் ஒன்றுண்டு. 'மச்சரேகை' (1950) தொடங்கிச் சொந்தப் படம் எடுத்தார், கடனாளியானார், 1958இல் கண்ணதாசன் 'மாலையிட்ட மங்கை' எடுத்துக் கைதூக்கிவிட்டார். பணம் போனது நிஜம்தான். ஆனால் இதை ஒரு தனிமனிதனின் கைச்செலவுக் கதையாக முடித்துவிடுவது, அந்தப் பத்தாண்டுகளில் தொழில் அமைப்பே புரண்டுபோனதை மறைக்கிறது. 'பராசக்தி' (1952) வந்தபின் நாயகனிடம் ஜனங்கள் கேட்டது வசனம். பாட்டை வெளியே வாங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது.

பின்னணிக் குரலை வில்லனாக்குவதும் சரியில்லை. பாய்ஸ் கம்பெனிகளின் நிலவரம் நமக்குத் தெரியும். 1918இல் மதுரையில் சங்கரதாஸ் சுவாமிகள் தொடங்கிய பால சபைக்குப் பிறகு பெருகிய அந்தக் கம்பெனிகளில் பையனின் தொண்டைதான் மூலதனம். மகரக்கட்டு வந்து குரல் உடைந்தால் ராஜபார்ட் போச்சு, சோறும் சந்தேகம். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அங்கே வளர்ந்தவர்கள். பாடத் தெரிந்தால்தான் நாயகன் என்ற சட்டம் நீடித்திருந்தால் இருவருக்கும் இடமில்லை. அந்தச் சட்டத்தை உடைத்தது ஒருவகையில் ஜனநாயகம்தான். அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதே கேள்வி.

இரண்டு பெரிய உடம்புகளுக்கும் குரல் கொடுத்த டி.எம்.எஸ். தன் உடம்போடு நாயகனாகத் திரைக்கு வந்தபோது என்ன வேஷம் கிடைத்தது? 'பட்டினத்தார்' (1962), 'அருணகிரிநாதர்' (1964). 'திருவிளையாட'லில் சொந்தக் குரலில் பாடுகிற கே.பி.சுந்தராம்பாள் ஔவையார். மகாலிங்கமும் பக்தர்தான். குரலையும் உடம்பையும் சேர்த்தே வைத்துக்கொள்ள வேண்டுமென்றால் சாமியார் ஆகு. காதலிக்க, சண்டை போட, கட்சிக்குக் கொடி பிடிக்க வேறு உடம்புகள் இருக்கின்றன. இதுதான் எழுதப்படாத ஒப்பந்தம்.

இதை ஏன் ராயபுரம், எண்ணூர்ப் பக்கத்திலிருந்து ஒருவன் எழுத வேண்டும்? எங்கள் தெருக்களிலும் பாட்டுப் பையன்கள் இருக்கிறார்கள். சாவு வீட்டில் விடிய விடியக் கானா பாடிப் பழகிப் பதினாறு வயதில் ஏரியாவுக்கே ஹீரோ ஆகிறவர்கள். தலித் உழைப்பாளிகளின் குடியிருப்புகளில் செழித்த இந்தப் பாட்டைத் தொண்ணூறுகளில் தேவாவின் இசை வழியாகச் சினிமா பெருமளவில் எடுத்துக்கொண்டது. 'சித்திரம் பேசுதடி' (2006) கானா உலகநாதனை உடம்போடு காட்டியது, ஒரு பாட்டு நேரத்துக்கு. 'வடசென்னை' (2018) என்று ஊர்ப்பெயரையே தலைப்பாக வைத்த படத்திலும் நாயக உடம்பு இங்கிருந்து போகவில்லை. எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் ரிக்கார்டிங்குக்குப் போய்வந்தான். 'படத்துல நானும் வருவேனா சார்?' என்று கேட்டதற்குச் சிரித்தார்களாம். பிறகு பிணம் தூக்கும் காட்சியில் கூட்டத்தில் நிற்கவைத்தார்கள்.

மகாலிங்கத்துக்கு நேர்ந்ததும் இவனுக்கு நேர்வதும் ஒன்றல்ல. அவருக்காவது பக்தர் வேஷம் மிச்சமிருந்தது. இவனுக்கு அதுவும் கிடையாது. ரவுடி, குடிகாரன், இல்லையென்றால் கூட்டம். தொழில்நுட்பம் பிரித்த இடத்தில் சாதி வந்து நன்றாக உட்கார்ந்துகொள்கிறது. குரலில் தீட்டில்லை, உடம்பில்தான் இருக்கிறது போலும்.

அதனால்தான் 2018இல் 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' மேடையேறியதை வெறும் கச்சேரியாக என்னால் பார்க்க முடியவில்லை. வடசென்னையின் இசைவாணி தன் குரலோடு தன் உடம்பையும் கொண்டுவந்து அங்கே நின்றார். சினிமா எண்பது வருஷமாகப் பிரித்து வைத்திருந்ததை அந்த மேடை ஒட்டவைத்தது. மேடையில் முடிந்தது திரையில் ஏன் முடியவில்லை?

மகாலிங்கம் 1978இல் இறந்தார். பாணபத்திரர் இன்னும் கோயிலில் நின்று அழுதுகொண்டிருக்கிறார். அவருக்காகப் பாட ஒரு கடவுள் வேண்டுமென்று நமக்குச் சொல்லித்தந்திருக்கிறார்கள். தாத்தா அதை நம்பவில்லை. "அவரே பாடியிருந்தாலும் ஜெயிச்சிருப்பார்டா, எவன் விட்டான்?" என்பார்.