மைதானத்தில் தொடங்கும் ஒத்திகை

ஆண்டுதோறும் ஏப்ரல் 14 முதல் 20 வரை தீத்தொண்டு வாரம். 1944இல் பம்பாய்த் துறைமுகத்தில் கப்பல் வெடித்தபோது உயிர்நீத்த 66 தீயணைப்பு வீரர்களின் நினைவாகக் கடைப்பிடிக்கப்படுவது. அந்த வாரத்திலும் தீபாவளிக்கு முன்பும் திண்டிவனம், விழுப்புரம் வட்டார அரசுப் பள்ளிகளுக்குத் தீயணைப்பு வீரர்கள் வந்து செயல்விளக்கம் காட்டுவார்கள்.

அந்த விளக்கத்தைக் குறைத்து மதிப்பிட முடியாது. எரியும் சிலிண்டரை நோக்கி, நனைத்த சாக்கை இரு கைகளாலும் நெஞ்சுக்கு முன்னால் விரித்துப் பிடித்தபடி ஒருவர் போய், வாயில் அழுத்தி மூடுகிறார். தீ அடங்கிவிடுகிறது. எண்ணெய்ச் சட்டி பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றக் கூடாது என்பதையும் பிள்ளைகள் கண்ணெதிரே பார்க்கிறார்கள். பார்த்த பிள்ளை வீட்டுக்குப் போய் அம்மாவிடம் சொல்லும். கூரை வீடுகள் இன்னும் இருக்கிற மாவட்டத்தில் இது உயிர்காக்கும் படிப்பு.

ஆனால் இதையே பள்ளியின் தீத்தடுப்பு ஏற்பாடாக நாம் எண்ணிக்கொள்வதுதான் தவறு. தீப்பிடித்தால் மாணவர்கள் போய்ச் சேர வேண்டிய இடம் மைதானம். நம் ஒத்திகையோ அவர்கள் மைதானத்தில் வரிசையாக உட்கார்ந்த பிறகே தொடங்குகிறது. மாடி வகுப்பிலிருந்து இறங்கி வருகிற அந்தச் சில நிமிடங்களை யாரும் பழக்குவதில்லை.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணம் காசிராமன் தெருப் பள்ளியில் 94 பிள்ளைகள் இறந்தார்கள். சமையல் கூடத்துத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவியது. மாடியிலிருந்து இறங்கக் குறுகலான படிக்கட்டுதான் இருந்தது. தீயை அணைக்கத் தெரியாததால் வந்த சாவு என்று அதைச் சொல்ல மாட்டேன். வெளியேற வழியில்லாததால் வந்தது. அதன்பின் பள்ளிகளில் கீற்றுக்கூரைகள் அகற்றப்பட்டன. அது பெரிய மாற்றம். நீதிபதி சம்பத் ஆணையம் விசாரித்தது. 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் தீயணைப்பான்கள் வைக்கவும், ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் பயிற்சி தரவும் உத்தரவிட்டது.

இருந்தும் ஓர் ஓட்டை அடைபடவில்லை. தனியார் பள்ளி அங்கீகாரம் புதுப்பிக்க வேண்டுமானால் தீயணைப்புத் துறைச் சான்று காட்டியாக வேண்டும். இல்லையென்றால் கோப்பு நகராது. அரசு உயர்நிலைப் பள்ளிக்கு அப்படிப் புதுப்பிக்க வேண்டிய அங்கீகாரம் எதுவும் இல்லை. அங்கே கேட்கிற இடத்தில் இருப்பதும் அரசு, பதில் சொல்ல வேண்டியதும் அரசு. ஆகவே தலைமையாசிரியரின் அக்கறை ஒன்றே காவல். அவர் மாறுதலாகிப் போனால் அதுவும் அவரோடு போய்விடுகிறது.

பத்தாம் வகுப்பு வரை சத்துணவு உண்டு என்பதால் உயர்நிலைப் பள்ளி வளாகத்திலும் அடுப்பு எரிகிறது. ஹைடெக் லேப் வந்த பிறகு யுபிஎஸ் பேட்டரிகள், ஏசி, கணினிகள் எல்லாம் ஒரே அறையில் அடைந்து கிடக்கின்றன. வேதியியல் ஆய்வகத்தில் ஸ்பிரிட் விளக்கு, மண்ணெண்ணெயில் மூழ்கிய சோடியம். திருட்டுக்குப் பயந்து மாடி வராந்தாவுக்கு இரும்புக் கிரில் போட்டுப் பூட்டுகிறோம். பயம் நியாயமானதே, ஆனால் வகுப்பு நடக்கும் நேரத்தில் அந்தப் பூட்டு திறந்திருக்க வேண்டும். பள்ளிப் படிக்கட்டு ஒன்றரை மீட்டர் அகலமாவது இருக்க வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித் தொகுப்பு. பழைய கட்டடங்களில் அதை அளந்து பார்த்தவர் எத்தனை பேர்?

காலமும் பொருந்தவில்லை. ஏப்ரல் பாதியில் பிள்ளைகள் தேர்விலோ விடுமுறை வாசலிலோ இருக்கிறார்கள். புதிதாக ஆறாம் வகுப்பில் சேர்கிற பிள்ளைக்கு எந்தப் படிக்கட்டு எங்கே போகிறது என்று தெரியாத மாதம் ஜூன். ஒத்திகை அப்போதுதான் நடக்க வேண்டும், வீரர்கள் வரும்வரை காத்திராமல் பள்ளியே நடத்த வேண்டும். நீண்ட மணி அடித்ததும் எந்த வகுப்பு எந்தப் படிக்கட்டில் இறங்குவது, சக்கர நாற்காலியில் இருக்கும் பிள்ளையை யார் தூக்குவது, கீழே வந்ததும் வருகைப் பதிவேட்டை யார் வாசிப்பது என்பதெல்லாம் முன்பே முடிவாகியிருக்க வேண்டும்.

இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. தீயணைப்பானின் முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா, கிரில் சாவி யாரிடம் இருக்கிறது என்ற இரண்டு கேள்விகளைப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரே கேட்கலாம். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதவும் வைக்கலாம்.